முன் விளிம்பு

இந்த ஊரைவிட்டு தினம் கிளம்பும்
கோடி முட்டைகளில்
ஒன்றுகூட எனக்கு உதவாது.
அவை சேவலைப் பார்க்காதவை.
லாரியில் அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி
பாலக்காட்டுப் பக்கம் போய்விடும்,
ஆம்லெட்டாகும் வரை எந்தக் குழப்பமும் இல்லாமல்.

எனக்கு வாரம் பன்னிரண்டு போதும்.
சேந்தமங்கலத்து முதல் பஸ்ஸில்
தவிட்டு வாளியில் புதைத்து எடுத்து வருவார் பாவாயி.
"சேவலோட மேயற கோழிங்க அம்மிணி,
ஒண்ணுகூட கூமுட்டை இருக்காதுங்"
என்பார். இருக்கும். ஒன்றிரண்டு.
அதற்கும் சேர்த்தே காசு.

ஓட்டின்மேல் பென்சிலால் எண், தேதி, மணி.
முப்பத்தேழரை டிகிரி.
மின்சாரம் போனால்
ஜெனரேட்டர் பிடிக்கும் வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது
முட்டைகள் அல்ல, நான்.

ஐந்தாம் நாள் ஓட்டைத் திறப்பேன்.
மஞ்சளின்மேல் சிவப்பாய் விரிந்த கிளைகள்,
நடுவில் துடிக்கும் ஒன்று.
கண் மட்டும் பெரிதாக, கருப்பாக,
மற்றதெல்லாம் எழுதாத தாள் போல.
சிறகு இன்னும் சிறகல்ல,
விலாவில் ஒரு துடுப்பு.
துடிப்பை நிறுத்துவது நான்தான்.
படிவத்தில் அதற்கொரு கட்டம் இருக்கிறது,
கையெழுத்துப் போடுகிறேன்.

பிறகு கழுவல்.
உப்புநீர், மறுபடி உப்புநீர்,
இரவு முழுக்கக் குளிரில் ஆன்டிபாடி.
ஒரே ஒரு புரதத்தைத் தவிர
வேறெதன் கதவையும் தட்டாத ஆள் அது.
காலையில் சாயம் விட்டதும்
எங்கே தட்டினது என்று தெரியும்:
முதுகின் அடியில் ஒரு பழுப்பு நூல்,
துடுப்பின் பின் விளிம்பில்
நகம் வெட்டிப்போட்டது போல ஒரு பிறை.
மீதி உடம்பு கண்ணாடி.

அந்தப் பிறையிலிருந்து கசிந்து பரவுவதுதான் கணக்கு.
ராஜவாய்க்கால் தண்ணீர் போல.
தலைமடைக்காரர் வெற்றிலைக் கொடிக்கால் போடுவார்,
நடுவில் வாழை,
கடைமடைக்கு எள்ளு.
தண்ணீர் ஒன்றுதான்,
மடை எவ்வளவு தூரம் என்பதில் இருக்கிறது பயிர்.
பிறைக்குப் பக்கத்தில் கடைசி விரல்,
எட்டாத ஓரத்தில் முதல் விரல்.

ஏழாம் எண் முட்டையில்
காலின் மொட்டுக்கு முன் விளிம்பிலும் பழுப்பு.
லேசாக. டீக்கறை அளவு.
அழுக்கென்று நினைத்துக் கழுவினேன்.
போகவில்லை.
ஆன்டிபாடி போடாத ஜோடிக் கரு
சுத்தமாக இருந்தது.
வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன்.
எள்ளு விளைய வேண்டிய ஓரத்தில்
யாரோ இன்னொரு மடையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

பாவாயிக்குப் போன் போட்டேன்.
"அதுங்களா! கூட்டத்துல ஒரு பொட்டைக்கு
கால்ல அஞ்சு வெரலுங்.
மத்ததுக்கெல்லாம் நாலு.
ஏனுங், முட்டை கெட்டுப் போச்சுங்களா?"
இல்லைங்க என்றேன்.
அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியாமல்
மழை பெய்ததா என்று கேட்டேன்.

டாக்டர் ராக்கியண்ணன் லென்ஸில் ஒரு நிமிஷம் பார்த்தார்.
"ஏழை எடுத்துருங்க.
ஒண்ணே ஒண்ணு வரைபடத்தையே கோணலாக்கும்."
சரிங்க சார்.

கையுறையைக் கழற்றினால்
என் இடது கட்டைவிரலுக்கு வெளிப்பக்கம்
துவரம்பருப்பு அளவில் ஒரு தழும்பு.
நான் பிறந்த பதினோராம் நாள்
ஈரோட்டு ஆஸ்பத்திரி ஒன்றில்
நூல் கட்டி உதிர்த்தது.
அதற்குப் படிவம் உண்டா,
கட்டம் உண்டா,
யார் கையெழுத்துப் போட்டார்கள்,
தெரியாது.
குளிர்காலத்தில் மட்டும்
இல்லாத இடத்தில் அரிக்கும்.

பதிவேட்டில் எழுதினேன்:
எண் ஏழு. பின் விளிம்பு: உண்டு.
முன் விளிம்பு: உண்டு.
வரைபடத்தில் மட்டும் விட்டுவிட்டேன்.

அடுத்த செவ்வாய் வாளியில் பதின்மூன்று.
கூடுதலாக இருந்ததன்மேல் அடுப்புக்கரிக் கோடு.
"அந்தக் கோழியுதுங். சும்மா வச்சுக்குங்."
காசு வாங்கவில்லை.

இன்குபேட்டரின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன்.
தேதி எழுதியாகிவிட்டது.
ஐந்தாம் நாள் திறப்பேனா,
இருபத்தொன்றாம் நாள் அதுவே திறக்குமா என்பதை
இன்னும் எழுதவில்லை.